என் ரத்தத்தில் பூஞ்சை இருக்கிறதா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 43 வயது. ஏழெட்டு மாதங்களாகத் தீராத அசதி, வயிற்று உப்புசம். தொடையிடுக்கில் அரிப்போடு வட்ட வட்டமாகத் தடிப்பு. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிட அகலமாகத் திரும்பி வருகிறது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒன்றுக்காக ரத்தம் கொடுத்தேன். அதில் ‘கேண்டிடா ஐஜிஜி ஆன்டிபாடி: பாசிட்டிவ்’ என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், ரத்தத்தில் பூஞ்சை கலந்துவிட்டது, வாரம் ஒரு ஃபுளூகோனசோல் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிடு என்கிறார். இணையத்தில் படித்துவிட்டு, காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரில் உமிழ்ந்து பார்த்தேன். எச்சில் நூல் நூலாகக் கீழே இறங்கியது. அதுவும் பூஞ்சையின் அறிகுறியாம்.

என் அப்பாவுக்கு 68 வயது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி நடக்கிறது. அவருக்கு வாரம் இரண்டு முறை ‘கேலக்டோமேனன்’ என்ற பூஞ்சைப் பரிசோதனை செய்கிறார்கள். 0.2, 0.3 என்று இருந்தது சென்ற வாரம் 0.7 ஆனது, அன்றைக்கே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் வரும்போதெல்லாம் குப்பி குப்பியாக வேறு ரத்தம் எடுக்கிறார்கள். ஏற்கெனவே ரத்தம் குறைந்த மனிதர், பார்க்கவே பதறுகிறது. அவருக்குத் திரும்பத் திரும்பச் செய்யும் பரிசோதனையை எனக்கு ஏன் யாரும் எழுதித் தரவில்லை? என்னிடமிருந்துதான் அவருக்குப் பூஞ்சை தொற்றியதா? என் பரிசோதனை அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் அச்சத்துக்கு நேரடியான பதில். உங்கள் ரத்தத்தில் பூஞ்சை கலந்திருப்பதாக இந்த அறிக்கை சொல்லவில்லை. உங்கள் உடல்நிலையும் அப்படிச் சொல்லவில்லை. கேண்டிடா உண்மையாகவே ரத்தத்தில் புகுந்துவிட்ட ஒருவர் ஏழெட்டு மாதம் வீட்டையும் கவனித்து, அப்பாவோடு மருத்துவமனைக்கும் அலைந்து, இத்தனை தெளிவாக ஒரு கடிதமும் எழுத மாட்டார். பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சலோடு படுத்திருப்பார். ஆகவே அந்த மூன்று மாத ஃபுளூகோனசோலைத் தொடங்க வேண்டாம். அப்பாவின் 0.7 பற்றியும் உங்களைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கேண்டிடா என்ற ஈஸ்ட் நம்மில் மிகப் பெரும்பாலோரின் வாயிலும் குடலிலும், பெண்களில் பலருக்குப் பிறப்புறுப்பிலும், தொல்லை எதுவும் தராமல் குடியிருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே வந்து சேர்ந்துவிடும். நம் நோய் எதிர்ப்பு அமைப்பு அதை அன்றிலிருந்தே அறியும்; அறிந்ததன் பதிவுதான் ஐஜிஜி ஆன்டிபாடி. உங்களிடம் அது இருக்கிறது. என்னிடமும் இருக்கும். உங்கள் ரத்தத்தை எடுத்த ஊழியரிடமும், அந்தச் சிவப்பு எழுத்தை அச்சிட்டவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். இது பழைய வருகைப் பதிவேடு மாதிரி: யார் வந்து போனார்கள் என்று சொல்லும், இந்த நிமிடம் உள்ளே யார் கலவரம் செய்கிறார்கள் என்று சொல்லாது. ஆரோக்கியமான ஒருவருக்கு அசதிக்கான காரணம் தேட இந்தப் பரிசோதனையைச் செய்வதில் எந்தப் பொருளும் இல்லை. தொகுப்பில் வரிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட உதவுகிறது என்பதைத் தவிர, அது அங்கே இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எச்சில் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எச்சிலில் கோழைத்தன்மை தரும் புரதங்கள் இருக்கின்றன. இரவு முழுக்க வாய் உலர்ந்து, காலையில் எச்சில் கெட்டியாக இருக்கும்போது தண்ணீரில் உமிழ்ந்தால் நூல் நூலாகத்தான் இறங்கும். பூஞ்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டி, ‘இதோ நெளிகிறதே, பூஞ்சை’ என்று சொல்லும் கடைகளும் உண்டு. அடுத்து உங்களை அங்கே அழைத்துப் போக யாராவது வருவார்கள்; போகாதீர்கள். சிவப்பணுக்கள் காய்ந்து சுருங்கும்போது தோன்றும் முட்களும், கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தூசியும் அந்தத் திரையில் என்ன வேண்டுமானாலும் ஆகிவிடும்.

உடல் முழுவதும் கேண்டிடா பெருகியதால்தான் அசதி, உப்புசம், மறதி எல்லாம் வருகின்றன என்ற கருத்து 1980களில் பரவியது. அதை யாரும் சோதிக்காமல் ஒதுக்கிவிடவில்லை. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தக் கருத்துப்படி நோயாளிகள் என்று கருதப்பட்ட 42 பெண்களுக்குப் பூஞ்சைக்கு எதிரான நிஸ்டாட்டினையும் வெற்று மருந்தையும், எது எது என்று அவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தெரியாமல், மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு நிஸ்டாட்டினுக்குக் குறைந்தது. அசதி முதலான பொதுவான தொந்தரவுகளோ இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் குறைந்தன. அந்தப் பெண்களின் அசதி பொய் என்று இதற்குப் பொருளில்லை. அதற்குக் காரணம் கேண்டிடா இல்லை, அவ்வளவுதான். உங்கள் அசதியையும் அப்படித்தான் பார்க்கிறேன். அதற்கு வேறு காரணம் இருக்கிறது. உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. சற்றுப் பொறுங்கள்.

தொடையிடுக்கில் இருப்பது, நீங்கள் விவரித்த விதத்தைப் பார்த்தால், பெரும்பாலும் படர்தாமரை. அது பூஞ்சைதான், ஆனால் கேண்டிடா இல்லை. இந்தப் பூஞ்சைகளுக்கு உணவு கெரட்டின் என்ற புரதம். அது தோலின் உயிரற்ற மேலடுக்கிலும் நகத்திலும் முடியிலும்தான் கிடைக்கும். அதைத் தாண்டி உள்ளே போக அவற்றுக்கு வழக்கமாக வேலையில்லை. ரத்தத்துக்கே வராத ஒன்றை ரத்தத்தில் எப்படித் தேடுவது? உங்களுக்கு யாரும் ரத்தப் பரிசோதனை எழுதித் தராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. உங்களுக்குத் தேவைப்படுவது அதைவிட எளிமையானது. தடிப்பின் விளிம்பில், செதில் எழும் இடத்தில், மொண்ணையான கத்தியால் லேசாகச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தோல் செல்கள் கரைந்து தெளிய, கிளைவிட்டு ஓடும் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியும். ஊசி கிடையாது. சில நிமிட வேலை. நடுவில் சுரண்டினால் அகப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரத்தில் அப்படிச் செய்பவர்கள் உண்டு.

அந்தக் களிம்பின் உறையைத் தேடி எடுத்துப் படியுங்கள். ‘சோல்’ என்றும் ‘மைசின்’ என்றும் முடியும் பெயர்களோடு, குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசினால் அடங்கி, விட்டால் அகலமாக வருவது அதனுடைய கைங்கர்யம். அரிப்பையும் சிவப்பையும் ஸ்டீராய்டு அடக்கும். அந்தச் சிவப்புதான் உடலின் எதிர்ப்பு என்பதால், அது அடங்கியதும் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நாளடைவில் தடிப்பின் வட்ட வடிவமே குலைந்து, அனுபவமுள்ள தோல் மருத்துவரையும் ஏமாற்றும் தோற்றத்துக்கு வந்துவிடும். அதை இன்றோடு நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் அரிப்பு கூடும். அதற்குப் பயந்து மறுபடி எடுத்துவிடாதீர்கள். தோல் மருத்துவர் மாத்திரை தேவை என்று முடிவு செய்தாலும் அது பெரும்பாலும் டெர்பினஃபினாகவோ இட்ரகோனசோலாகவோ இருக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்ட வாரம் ஒரு ஃபுளூகோனசோல் அவருடைய முதல் தேர்வாக இருக்காது.

இனி அப்பாவின் விஷயம். இங்கே கதையே வேறு.

நாம் எல்லோரும் தினமும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் விதைத்துகள்களைச் சுவாசிக்கிறோம். மண்ணிலும் மக்கும் இலையிலும் தூசியிலும் இருந்து, காற்றில் எங்கும் மிதக்கின்றன. நுரையீரலுக்குள் போன துகள்களை அங்கே காவலிருக்கும் செல்கள் தின்றுவிடுகின்றன. தப்பி முளைத்து இழைவிட ஆரம்பிப்பவற்றை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் அழிக்கின்றன. உங்கள் அப்பாவின் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து இந்த நியூட்ரோஃபில்களையும் சேர்த்துக் கீழே தள்ளுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் குறைவாகப் பத்து நாட்களுக்கு மேல் கிடந்தால், ஆஸ்பெர்ஜில்லஸ் முளைத்து நுரையீரல் திசுவுக்குள் இறங்கும் ஆபத்து உண்மையானது. அப்போது அவருக்கு இருமல்கூட இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். அதனால்தான் நோய் முகம் காட்டும் முன்பே ரத்தத்தில் அதன் தடயத்தைத் தேடுகிறார்கள்.

கேலக்டோமேனன் என்பது ஆஸ்பெர்ஜில்லஸின் செல் சுவரில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலி. இழை வளரும்போது அது கசிந்து ரத்தத்தில் கலக்கும். உங்களுக்குச் செய்த பரிசோதனைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். உங்களுடையது பூஞ்சைக்கு எதிராக உடல் தயாரித்த பொருளைத் தேடியது; அப்பாவுடையது பூஞ்சையின் உடற்பொருளையே தேடுகிறது. அவர் உடலில் இப்போது ஆன்டிபாடி தயாரிக்கும் தெம்பே குறைவு. ஆகவே முதல் வகைப் பரிசோதனை அவருக்கு உதவவும் உதவாது. இன்னொரு விசித்திரமும் உண்டு. நியூட்ரோஃபில் நிறைய இருப்பவரின் ரத்தத்தில் இந்தக் கேலக்டோமேனன் விரைவாக அகற்றப்பட்டுவிடும். எனவே அவர்களிடம் நோய் இருந்தாலும் பரிசோதனை அடிக்கடி தவறவிடும். நியூட்ரோஃபில் அற்றுப்போன உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடம்தான் அது தன் வேலையை நன்றாகச் செய்கிறது. மிக நோயுற்றவருக்கே மிகப் பொருத்தமான பரிசோதனை இது.

அந்த 0.7 ஒரு குறியீட்டெண். ஒப்பீட்டு மாதிரி தரும் நிறத்தின் அடர்த்தியோடு அவர் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) தரும் நிறத்தை ஒப்பிட்டுக் கிடைக்கும் விகிதம். பரிசோதனைப் பொருளைத் தயாரிப்பவர்கள் சொல்லும் எல்லை 0.5. அதற்கு மேல் போனால் பாசிட்டிவ். ஆனால் ஆராய்ச்சிக்காக நோயை வரையறுக்கும் வல்லுநர் குழுக்கள் 2020இல் இன்னும் கண்டிப்பானார்கள். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் 1.0 வேண்டும், ரத்தத்தில் 0.7 என்றால் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலும் 0.8 இருக்க வேண்டும் என்றார்கள். ஆக உங்கள் அப்பாவின் எண் எழுந்து உட்கார்ந்து கவனிக்க வேண்டிய எண், தீர்ப்பு இல்லை. மருத்துவர்கள் அன்றைக்கே சி.டி. எடுத்தது மிகச் சரி. நுரையீரலில் சிறு கட்டியும் அதைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் போன்ற நிழலும் தெரிந்தால், எண்ணும் படமும் ஒன்றையொன்று உறுதி செய்யும். பொதுவாக மறுநாளோ அடுத்த நாளோ இன்னொரு மாதிரி எடுத்து, எண் ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். தேவையானால் பிராங்கோஸ்கோப்பி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய்க் கருவியை விடும் முறை, மூலம் நுரையீரல் நீரை எடுப்பார்கள். அந்த நீரில் இந்தப் பரிசோதனை ரத்தத்தைவிடக் கூர்மையானது. வாரம் இருமுறை செய்வதன் பயனும் இதுதான். ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்கு நிறையப் பேசும்.

உங்களுக்கும் இதைச் செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயுள்ள 100 பேரில் 80 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 85 பேரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைப் போன்ற 1000 பேரில் 200 பேருக்கு நோய் இருக்கிறதென்றால், 160 பேருக்கு உண்மையான பாசிட்டிவ் வரும், 120 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிக்கு மேல் நோயாளிகள். ஸ்கேன் எடுக்க அது போதுமான காரணம். உங்களைப் போன்ற, எதிர்ப்புச் சக்தி குலையாத 1000 பேரில் ஒருவருக்கு நோய் இருந்தாலே அதிகம். அதே பரிசோதனையை அந்த ஆயிரம் பேருக்கும் செய்தால் ஏறத்தாழ 150 பேருக்குப் பாசிட்டிவ் வரும்; அத்தனையும், ஒன்றைத் தவிர, பொய். அந்த 150 பேரும் உங்களைப் போலவே தூக்கம் கெட்டு எனக்குக் கடிதம் எழுதுவார்கள். ரத்தமும் கருவியும் ஆய்வகமும் ஒன்றேதான். யாருக்குச் செய்கிறோம் என்பது மாறியவுடன் முடிவின் அர்த்தமே மாறிவிடுகிறது.

அப்பாவின் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: பூஞ்சை வராமல் தடுக்க போசகோனசோல் போன்ற மாத்திரை ஏதும் அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறாரா? அப்படியானால் இந்தப் பரிசோதனையின் கூர்மை மழுங்கிவிடும். பாசிட்டிவ் பொய்யாக இருக்கும் வாய்ப்பும் கூடும். தடுப்பு மருந்தில் இருப்பவர்களுக்கு அறிகுறி இல்லாதபோது வாராவாரம் இதைச் செய்ய வேண்டாம் என்றுகூடச் சில வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மருத்துவரைச் சந்தேகிப்பதாக ஆகாது. அவர்களே தினமும் விவாதிக்கும் கேள்விதான் இது.

குப்பி குப்பியாக எடுக்கும் ரத்தம் கேலக்டோமேனனுக்கு இல்லை. அது ரத்த வளர்ப்புப் பரிசோதனைக்கு. கிருமியோ ஈஸ்டோ இருந்தால் குப்பியில் உள்ள ஊட்டத்தில் வளரட்டும் என்று விட்டுப் பார்ப்பது. அப்பாவைப் போன்றவர்களுக்கு குடலிலிருந்தோ, கழுத்திலோ மார்பிலோ போட்டிருக்கும் குழாய் வழியாகவோ கேண்டிடா ரத்தத்தில் நுழையலாம். அப்போதும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு ஈஸ்ட் செல்கூட இல்லாமல் போகலாம். இரண்டு மில்லிலிட்டர் எடுத்தால் அகப்படுமா? பெரியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் மொத்தம் 40 முதல் 60 மில்லிலிட்டர் வரை எடுக்கச் சொல்வது இதனால்தான். அத்தனை எடுத்தும், உள்ளுறுப்புகளில் கேண்டிடா பரவியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரை இந்தப் பரிசோதனை தவறவிடுகிறது. வளர இரண்டு மூன்று நாளும் ஆகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலையே அரித்துக்கொண்டிருந்தாலும் ரத்தக் குப்பியில் வளர்வது அபூர்வம். குறைகள் இத்தனை இருந்தும் இதை விட முடியாது. எந்த வகை ஈஸ்ட், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை வளர்ந்த பூஞ்சையை வைத்துத்தான் முழுமையாகச் சொல்ல முடியும். குப்பியில் கேண்டிடா வளர்ந்துவிட்டால் அதைத் தற்செயலான கலப்படம் என்று எந்த நுண்ணுயிரியலாளரும் தள்ள மாட்டார். உடனே மருந்து, முடிந்தால் குழாயை எடுப்பது, கண்ணுக்குள் பரவியிருக்கிறதா என்று கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது, ரத்தம் தெளிந்த பிறகும் 14 நாள் சிகிச்சை என்று வேலை தொடங்கிவிடும். பதற்றப்பட வேண்டிய பாசிட்டிவ் என்றால் இது. உங்களுடையது இல்லை.

பீட்டா டி குளூக்கன் என்ற பெயரையும் நீங்கள் விரைவில் கேள்விப்படலாம். கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ், நிமோசிஸ்டிஸ் என்று பல பூஞ்சைகளின் சுவரில் பொதுவாக உள்ள பொருள் அது. இதைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலுள்ள செல்களிலிருந்து எடுத்த சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். கடலில் புண்பட்டால் நோய் பரவாமல் உறைந்து காக்க அந்தப் பிராணிக்கு இயற்கை கொடுத்த ஏற்பாடு, குளூக்கனைத் தொட்டவுடன் வினைபுரிகிறது. நெடுங்காலம் இந்தத் துறையில் இருந்தும் எனக்கு இன்னும் வியப்புத் தரும் சங்கதி இது. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் மில்லிலிட்டருக்கு 60 பிக்கோகிராமுக்குக் கீழ் நெகட்டிவ், 80க்கு மேல் பாசிட்டிவ், நடுவில் முடிவு சொல்ல இயலாதது. இதன் பலம் நெகட்டிவில் இருக்கிறது. நெகட்டிவ் வந்தால் கேண்டிடா பரவல் இருக்க வாய்ப்புக் குறைவு என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். பாசிட்டிவை மட்டும் உடனே நம்ப முடியாது. சில வகை வடிகட்டிகளோடு டயாலிசிஸ் செய்திருந்தால், இம்யூனோகுளோபுலின், அல்புமின் போன்ற ரத்தப் புரதங்களை ஏற்றியிருந்தால், அறுவை சிகிச்சையில் பஞ்சுத் துணி அதிகம் பட்டிருந்தால், பூஞ்சையே இல்லாமல் எண் ஏறும். எந்தப் பூஞ்சை என்றும் அது சொல்லாது.

கேலக்டோமேனன், குளூக்கன் என்ற இந்த இரண்டு பரிசோதனைகளும் நெகட்டிவாக இருந்து, நோயாளி மட்டும் மோசமாகிக்கொண்டே போனால் எங்கள் மனம் போகும் இடம் ஒன்று உண்டு. கறுப்புப் பூஞ்சை என்று பெயர் வாங்கிய மியூக்கர் வகை. அதன் சுவரிலிருந்து இந்த இரண்டு பரிசோதனைகளுக்கும் அகப்படும் அளவில் எதுவும் கசிவதில்லை. அதன் மரபணுத் துணுக்கை ரத்தத்தில் தேடும் பி.சி.ஆர். முறை நம்பிக்கை தருகிறது. எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. எனவே ‘பூஞ்சைப் பரிசோதனை நெகட்டிவ்’ என்ற வரியைப் பார்த்து நீங்கள் முழுதாக நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அப்பாவுக்கு ஒரு பக்க முகம் வீங்கினாலோ, கண்ணைச் சுற்றி வலித்தாலோ, பார்வை இரட்டையானாலோ, மூக்கிலோ அண்ணத்திலோ கறுத்த பொருக்கு தெரிந்தாலோ, ரத்த அறிக்கைக்காகக் காத்திராமல் அந்த மணிநேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாம் இப்படி இழுபறிதானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று அசாத்தியமானது. கிரிப்டோகாக்கஸ் என்ற ஈஸ்ட், எச்.ஐ.வி. முற்றிய நிலையில் மூளையுறையைத் தாக்கும். தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்பே அதன் உறைப்பொருள் ரத்தத்தில் வந்துவிடுகிறது. கர்ப்பம் பார்க்கும் பட்டை போன்ற ஒன்றை வைத்துப் பத்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடிக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவைக்கு மேல் தவறாது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் சிடி4 என்ற வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100க்குக் கீழ் போனவர்கள் அனைவருக்கும், முடிந்தால் 200க்குக் கீழ் போனவர்களுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும் இதைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்கூட்டியே மருந்து கொடுத்து எத்தனையோ உயிர்களைக் காக்க முடிகிறது. இங்கும் சூத்திரம் அதுதான்: சரியான பரிசோதனை, சரியான ஆளிடம்.

ஆன்டிபாடிப் பரிசோதனைகளை நான் மொத்தமாகப் பழித்ததாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் மேல் ஒவ்வாமையா என்று பார்க்க ஐஜிஇ என்ற ஒவ்வாமை ஆன்டிபாடிக்கான பரிசோதனைதான் முதல் படி. பழைய காசநோய் விட்டுச்சென்ற குழிகளில் பூஞ்சை குடியேறி மாதக்கணக்கில் இருமல், எடைக்குறைவு என்று வருபவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி மிகவும் உதவும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், சிவப்பு எழுத்து இல்லாமல், ஹெச்பிஏ1சி 7.4 என்று இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்லும் எண் அது. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ மறுபடி இதே பரிசோதனையோ செய்து உறுதிப்படுத்துவார்கள். கட்டுப்படாத சர்க்கரை அசதியைத் தரும். தோல் பூஞ்சையை மீண்டும் மீண்டும் வரவழைக்கும். நீங்கள் பூஞ்சையைத் தேடிப் போனீர்கள், அந்தத் தொகுப்பும் பூஞ்சையைச் சிவப்பில் அச்சிட்டுக் கொடுத்தது. பூஞ்சைக்கு இடம் கொடுத்த காரணம் கறுப்பு எழுத்தில் சத்தமின்றி உட்கார்ந்திருக்கிறது. இந்த வாரமே பொது மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தைராய்டு அளவும் ஹீமோகுளோபினும் உங்கள் அறிக்கையில் சரியாக இருப்பதால் அவருடைய தேடல் குறுகிவிடும். உப்புசத்தையும் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதையும் சர்க்கரையின் தலையில் போட நான் தயாரில்லை.

ஃபுளூகோனசோலை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அதையும் அந்த மருத்துவரிடம் காட்டுங்கள். நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உடல் வெளியேற்றும் வேகத்தை அது குறைக்கும். சர்க்கரை திடீரென்று கீழே இறங்கிவிடலாம். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடும், இதயத் துடிப்பின் சீரை மாற்றக்கூடிய மருந்துகளோடும் அதற்கு ஒத்துவராது. நீண்ட நாள் எடுத்தால் ஈரலையும் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மருந்தா என்று குழம்பி அவர் கைக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸை ஃபுளூகோனசோல் ஒன்றும் செய்யாது. அவருக்குத் தேவைப்பட்டால் வோரிகோனசோல் போன்ற வேறு மருந்தை, அளவு பார்த்து, மருத்துவர்களே கொடுப்பார்கள்.

உங்களிடமிருந்து அவருக்குத் தொற்றியதா என்பதற்கு: இல்லை. படர்தாமரைப் பூஞ்சை கேலக்டோமேனன் எண்ணை உயர்த்தி நுரையீரலுக்குள் போகும் சாதி இல்லை. அவருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் வந்திருந்தால் அது காற்றில் வந்தது. ஆனால் உங்கள் தோலில் இருப்பது அவர் தோலுக்குப் பரவலாம். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு மூன்றையும் தனியாக வைத்து, சூடான நீரில் துவைத்து, நன்றாக உலர்த்துங்கள். தடிப்பைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அவருக்கு மருந்து எடுத்துக் கொடுங்கள். வீட்டில் பழைய சுவர் இடிப்பது, தோட்டத்து மக்கல் குவியலைக் கிளறுவது போன்ற வேலைகள் இருந்தால் அவர் வெள்ளையணுக்கள் ஏறும்வரை தள்ளிப்போடுங்கள். அவருடைய கால் விரல் நகங்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை நகத்திலும் நகக்கண்ணிலும் தங்கியிருந்து, நியூட்ரோஃபில் விழுந்த நாட்களில் அங்கிருந்தே ரத்தத்துக்குள் நுழையக்கூடியது. நகம் தடித்து மஞ்சளாகியிருந்தாலோ, நகக்கண் சிவந்து வலித்தாலோ, அடுத்த கீமோதெரபிக்கு முன் மருத்துவரிடம் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தடித்த நகங்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையே இல்லை என்பதால், ஒரு துணுக்கை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் அவர்கள் முடிவு செய்வார்கள்.